ஆண்டுக்கு இரண்டு லட்சம் தேவைப்படுகிறதாம் எனக்கு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது.

இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் என் மகளும் அதே வீட்டில் இருப்பதால், நலமாகவே இருக்கவும். செவ்வாய்க்கிழமையே போனில் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். உங்கள் அத்தைதான், "மாப்பிள்ளைகிட்ட போன்ல கத்துனா நல்லாவா இருக்கும்? பொறுமையா ஒரு லெட்டர் எழுதுங்க. நாலு நாள் ஆனாலும் பரவாயில்ல" என்று தாளையும் பேனாவையும் கொண்டுவந்து பால்கனி மேசையில் வைத்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அவளுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரியும். அதனால்தான் கீழே வரும் எல்லாவற்றையும் 'நீங்கள்', 'உங்கள்' என்றே எழுதியிருக்கிறேன். படிக்கும்போது அந்த 'ங்கள்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் படித்தால் என் மனநிலை உங்களுக்குச் சரியாகப் புரியும்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறேன், ஏனென்றால் நிஜமாகவே தெரிந்திருந்தால் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டீர்கள். முப்பத்தொரு வருடம் கஸ்டம்ஸில், பார்சல் பிரிவில் வேலை பார்த்தவன். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. 'பழைய துணி' என்று எழுதிய பெட்டிக்குள் கோட்டுப் பையெல்லாம் கைக்கடிகாரம் இருக்கும். 'குடும்பப் புகைப்படங்கள்' என்று எழுதியதற்குள் ஒரு கார் இன்ஜினின் பாதி இருந்தது. மீதிப் பாதி அடுத்த வாரம் 'மேலும் சில புகைப்படங்கள்' என்று வந்தது. ஆனால் எந்தப் பெட்டியில் 'மாதிரிப் பொருள், மதிப்பு இல்லை' என்று இருக்கிறதோ, அதில்தான் நான் முதலில் கத்தி வைப்பேன். மதிப்பே இல்லாத ஒன்றைக் கடல் தாண்டி அனுப்ப எவனுக்குப் பைத்தியம்? அந்த 'மதிப்பு இல்லை' என்ற இரண்டு வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும் என்று பிரிவு முழுக்கத் தெரியும். இப்போது அதே இரண்டு வார்த்தை, மாப்பிள்ளை அவர்களே, என் வீட்டு முகவரிக்கு மேலே, என் பெயருக்குப் பக்கத்தில், அச்சடித்து வந்திருக்கிறது.

முதல் பெட்டி வந்தபோது நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் கூரியர்காரர், "சீஃப் இன்ஜினியர் இருக்காரா?" என்கிறார். "தப்பான வீடு, இங்க ரிட்டயர் ஆனவங்கதான் இருக்கோம்" என்றேன். அவர் சீட்டைக் காட்டினார். என் பெயர், அதன் வாலில் 'அண்ட் கோ', அதற்கு மேலே 'சீஃப் இன்ஜினியர்'. பாதி முகத்தில் நுரையோடு கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒரு ஜோடி பூட்ஸ் வைக்கிற அளவுப் பெட்டி. பிரித்தால் உள்ளே இன்னொரு பெட்டி, அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக், அதற்குள் சாம்பல் நிறப் பை, அதற்குள் கறுப்பு ஸ்பாஞ்சு, அந்த ஸ்பாஞ்சில் குத்தி வைத்த நாலே நாலு கறுப்புப் பூச்சிகள். பூச்சியேதான்! ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் வரிசையாகக் கால். பழக்க தோஷத்தில் ஸ்பாஞ்சுக்குக் கீழே வேறு ஏதாவது ஒளித்திருக்கிறார்களா என்று உதறிப் பார்த்தேன். நாலும் தரையில் சிதறின. மூன்றைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி எடுத்தேன். நாலாவதை என் குதிகால் கண்டுபிடித்தது. எட்டு கால் ஒரே நேரத்தில் ஏறினால் எப்படி இருக்கும் என்பதை நீங்களும் ஒருநாள் அனுபவிக்க வேண்டும் என்பது என் எளிய விருப்பம்.

அது மைக்ரோகண்ட்ரோலர் என்று உங்கள் அத்தைதான் சொன்னாள். வாஷிங் மெஷின் எப்போது சுற்ற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கட்டளையிடுகிற மூளை அதுதானாம். அதைச் செய்கிற கம்பெனிகள், புதிதாக ஏதாவது வடிவமைக்கிற இன்ஜினியர்களுக்கு இரண்டு மூன்றை இலவசமாக அனுப்புவார்களாம். பிடித்துப்போய் நாளைக்கு ஆயிரக்கணக்கில் வாங்க மாட்டார்களா என்கிற நப்பாசை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து விளையாடுகிறவர்களுக்குத் தர மாட்டார்கள், கம்பெனி பெயர் வேண்டும், பதவி வேண்டும், வருடத்துக்கு எத்தனை தேவைப்படும் என்று எண்ணிக்கை வேண்டும். ஒரு கம்பெனி ஒரு முகவரிக்கு இரண்டு முறைதான் அனுப்புமாம். இவ்வளவையும் மகளிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்தக் குடும்பத்தில் இந்த வேலை தெரிந்த ஆள் யார்? போன விடுமுறைக்கு வந்து பத்து நாள் எங்கள் பின்னறையில் உட்கார்ந்து, ஈயத்தை உருக்கி உருக்கிப் புகை போட்டு, நல்ல சாப்பாட்டு மேசையில் ஓட்டை போட்டுவிட்டு, அந்த ஓட்டையின் மேல் உப்பு ஜாடியை நகர்த்தி வைத்துவிட்டுப் போனவர் யார்? உங்கள் வீட்டு முகவரி தீர்ந்துபோயிற்று, மாமனார் முகவரி சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டீர்கள். சரி, நாலு பூச்சிதானே, தொலையட்டும் என்று விட்டேன். நான் விட்டது தப்பு. என் வாழ்க்கையில் நான் விட்ட முதல் பெட்டி அது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பெண்மணியும் ஒரு கண்ணாடிக்காரரும் வாசலில் வந்து நின்றார்கள். அந்தப் பெண்மணி, பூச்சிகளை அனுப்பிய சில்லுக் கம்பெனியின் விற்பனை மேலாளர், கூட வந்தவர் இன்ஜினியர். வருடத்துக்கு இரண்டு லட்சம் வாங்கப் போகிற வாடிக்கையாளரை நேரில் பார்க்காவிட்டால் மரியாதையில்லை என்று விசாரித்து வந்திருக்கிறார்கள். நான் கைலியில் இருக்கிறேன். "ஃபேக்டரி எந்தப் பக்கம் சார்?" என்று அந்த அம்மா எங்கள் சமையலறையை எட்டிப் பார்க்கிறார். "எங்கிட்ட ஃபேக்டரியெல்லாம் இல்லீங்க, மிக்ஸி ஒண்ணு இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உங்கள் அத்தை காப்பித் தட்டோடு வந்து, "இன்னும் டிசைன் ஸ்டேஜ்லதான் இருக்கோம்" என்றாள். கண்ணாடிக்காரர் குஷியாகி, "எட்டு பிட்டா மேடம், முப்பத்திரண்டா?" என்றார். "எட்டே தாராளம். பேட்டரில ஓடணும், தூங்கறப்ப கரண்ட் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்கிறாள். அவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார்! முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இப்படிக் கண் இமைக்காமல் பொய் வரும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே. எல்லாம் உங்களைக் காப்பாற்றத்தான். மருமகன் மானம் போகக் கூடாதென்று ஒரு நல்ல பெண்பிள்ளை புளுகுகிற நிலைமைக்கு இந்த வீட்டைக் கொண்டுவந்து விட்டீர்கள். அவர்கள் போகும்போது இன்னும் இரண்டு பெட்டி வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். கம்பெனி பெயர் போட்டது. தலைக்குச் சரியாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

இதெல்லாம்கூடப் போகட்டும் ஐயா. செவ்வாய்க்கிழமை நடந்ததை என்னால் மறக்க முடியாது. கஸ்டம்ஸிலிருந்து நோட்டீஸ். மூன்று மாதத்தில் பதினாலு பார்சல், ஏழு கம்பெனியிலிருந்து, ஒரே வீட்டுக்கு, எல்லாம் மதிப்பு இல்லை, வந்து விளக்கம் சொல்லவும். பதினாலாம்! நான் கையெழுத்துப் போட்டு வாங்கியதே ஒன்றுதான். மீதியெல்லாம் நான் காலையில் நடக்கப் போன நேரத்தில் வந்து, அப்படியே உங்களுக்கு அனுப்பிவைக்கப்பட்டிருக்க வேண்டும். என் சொந்த அலுவலகத்துக்கு, மாப்பிள்ளை, டோக்கன் வாங்கிக்கொண்டு போனேன். அந்த நீளமான கவுண்டருக்கு உள்பக்கம் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தேன். வெளிப்பக்கம் இவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே யார்? முத்திரை. நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. என் கீழே பதினொரு வருடம் இருந்த ஆள். எதையும் பிரிக்காமல் முத்திரை குத்தி அனுப்புவார். ஒருநாள் ஒரு வேன் நிறைய பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி எல்லாவற்றையும் அவரையே பிரிக்க வைத்தேன். அவர் இப்போது என் நாற்காலியில்.

"சார், உள்ள வந்து உக்காருங்க" என்றார்.

"எல்லாரும் நிக்கறாங்க. நானும் நிக்கறேன்."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு லட்சம் சிப்பு வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க? இதெல்லாம் நீங்கதான் வரவழைச்சீங்களா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படிக்கவும். இல்லை என்று நான் சொன்னால், பொய்யாக எழுதி வரவழைத்தது யார் என்பது அடுத்த கேள்வி. அந்த நாற்காலியில் நானாக இருந்தால் அதைத்தான் கேட்பேன். மாப்பிள்ளை என்று சொன்னால் விசாரணை, உங்கள் அலுவலகத்துக்குக் கடிதம், உங்கள் வேலைக்கு ஆபத்து, என் மகள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? பின்னால் டோக்கனோடு நிற்கிற இருபது பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். "ஆமா. நான்தான். சொந்த ஆராய்ச்சிக்கு" என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் பேரின் பொய்க் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன், அதெல்லாம் ஏன் அப்படிக் கோணலாக இருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. என்னுடையதும் அப்படியேதான் விழுந்தது, ஐயா, கோணலாக!

அதைவிடக் கேவலம் பிறகு நடந்தது. மேசையில் பதினைந்தாவது பெட்டி இருந்தது, என் பெயருக்கு வந்தது. முத்திரை அதை எடுத்தார், என்னைப் பார்த்தார், டப்பென்று குத்தி என் பக்கம் தள்ளினார். "பிரிச்சுப் பாருய்யா!" என்று கத்தினேன். "உங்களுக்கு எதுக்கு சார்" என்றார். மரியாதையாகச் சொல்லவில்லை, பாவம் பார்த்துச் சொன்னார். எனக்குப் பாவம் பார்க்கிற அளவுக்கு முத்திரையை உயர்த்திவிட்டீர்கள். வாழ்க. பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன பார்சல் என்று கேட்டார். அவரிடமும் பொய் சொன்னேன். ஒரு தடவை ஆரம்பித்தால் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே புறப்பட்டு வந்து, முத்திரை முன்னால் நின்று, எழுதியது நான்தான், மாமனார் இல்லை என்று சொல்ல வேண்டும். வரும்போது உங்கள் ஈயம், கம்பி, பூச்சி எதையும் கொண்டுவரக் கூடாது. சாப்பாட்டு மேசையை நாலு பேர் பார்க்கச் சரிசெய்து தர வேண்டும். இதற்கெல்லாம் ஒப்புதல் இல்லையென்றால் இனி என்னை 'மாமா' என்று கூப்பிட வேண்டாம், 'சார்' போதும்.

மகளுக்கு என் மனம் நிறைந்த ஆசிகள். உங்களுக்கும், வேறு வழியில்லாததால், ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், நான் நேரில் திட்டுவதற்குத் தெம்பு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
(சீஃப் இன்ஜினியர் அல்ல)

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடிப் பின்னறைக்குப் போனேன். கதவைத் தள்ளினால், உங்கள் அத்தை மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, கையில் நீங்கள் விட்டுப்போன சூட்டுக்கோலோடு, ஒரு பச்சைப் பலகையில் பூச்சிக்கு ஒவ்வொரு காலாக ஈயம் வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. "ரெண்டு நிமிஷம், கை ஆடக் கூடாது" என்றாள். நின்றேன்.

பதினைந்து பெட்டியும் அவள் வரவழைத்ததுதானாம். இரண்டு லட்சமும் அவள் எழுதியதுதான். மேசை ஓட்டையும் அவள் போட்டதுதான், நீங்கள் உப்பு ஜாடியை நகர்த்தி அவளைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். வாசல் கால்மிதிக்கு அடியில் ஒரு பூச்சியைப் பொருத்தியிருக்கிறாள். நான் வெளியே போய்த் திரும்பிக் கால் வைத்ததும் பின்னறையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், உடனே எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். மூன்று மாதமாக என்னை நானே காட்டிக்கொடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்திருக்கிறேன். நான் பால்கனியிலிருந்து வருவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கடிதம் எழுதச் சொன்னதே நாலு நாள் நிம்மதியாக வேலை நடக்கட்டும் என்றுதானாம். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா பிரிச்சுப் பாப்பீங்க. நீங்க ரிட்டயர் ஆனதுல இருந்து இந்த வீட்ல நீங்க பிரிக்காத பொருள் இது ஒண்ணுதான்" என்றாள். கடிகாரம், ரேடியோ, அவள் தையல் மெஷின் எல்லாம் ஞாபகம் வந்தது.

அதனால் மேலே உள்ள ஆறு பக்கத்தையும் எழுதாததாகக் கருதவும். கிழித்துவிடுகிறேன் என்றேன், நன்றாக வந்திருக்கிறது, அனுப்புங்கள் என்கிறாள். திங்கட்கிழமை முத்திரையிடம் போய் 'நான்' என்பதை அடித்துவிட்டு 'என் மனைவி' என்று திருத்தி எழுதிக் கொடுக்கப் போகிறேன். அவளும் வருகிறாள், என்ன செய்கிறாள் என்று அவளே விளக்குவாள்.

ஒரு சின்ன உதவி. அவளுக்கு இன்னொரு வகைச் சில்லு தேவைப்படுகிறது. எங்கள் முகவரி தீர்ந்துவிட்டபடியால் உங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறோம். இந்த முறை படிவத்தை நான் நிரப்பினேன், ஒரு பொய்கூடக் கிடையாது. ஆண்டுத் தேவை: எட்டு. "எட்டுன்னா எவன் குடுப்பான்?" என்று அவள் இன்னமும் சண்டை போடுகிறாள். போனில் யாராவது கேட்டால் நீங்களும் எட்டு என்றே சொல்லவும். பதவி என்ற இடத்தில் 'மாப்பிள்ளை' என்று எழுதியிருக்கிறேன்.