அடைப்பெட்டியை மாற்றப் போன காடை

ஒரு காட்டில் அடைகாக்கும் பெட்டி விற்கும் கடை ஒன்று இருந்தது. வேலைக்குப் போகும் பறவைகளெல்லாம் அங்கேதான் வாங்கின. பூங்காவனம் என்ற காடையும் வாங்கியது. நான்காம் நாளே பெட்டி சூடாவது நின்றுவிட்டது. உள்ளே இருந்த ஆறு முட்டைகளையும் எடுத்துக் கூட்டில் வைத்து, பக்கத்துப் புதர் மைனாவை அவற்றின் மேல் உட்காரச் சொல்லிவிட்டு, பெட்டியோடு கடைக்கு ஓடியது காடை.

"பொழுது சாயற வரைக்கும்தான் உட்காருவேன். எனக்கும் குடும்பம் இருக்கு" என்று மைனா கறாராகச் சொல்லியிருந்தது.

கவுண்டரில் காட்டுப்பன்றி தண்டபாணி இருந்தது.

"அண்ணே, இது சூடாகவே மாட்டேங்குது. மாத்திக் குடுங்க."

"வாரண்டி கார்டுல சீல் எங்கம்மா?"

"சீல் நீங்கதானே அண்ணே வைக்கணும்?"

தண்டபாணி பெருமூச்சு விட்டது. எப்போதோ ஒரு வேட்டைக்காரன் போட்டுவிட்டு ஓடிய துப்பாக்கியை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து, காடையின் அலகுக்கு நேராக நீட்டியது.

"வேற ஏதாவது சந்தேகம் இருக்கா?"

சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் முட்டைகள் இருந்தனவே. காடை மாடியேறி, மேலாளர் முள்ளம்பன்றியிடம் அழுதது.

முள்ளம்பன்றி பதறிப்போய் உடனே விசாரணைக் குழுவைக் கூட்டியது. குழுவில் ஆந்தையும் ஆமையும். ஆமை வந்து சேரவே மதியமாகிவிட்டது.

"துப்பாக்கி உன் மேல பட்டுச்சா?" என்று கேட்டது ஆமை.

"படலைங்க ஐயா."

"பட்டிருந்தால் ஒழுங்கீனம். படாதவரை, தனிக் கவனிப்பு" என்று எழுதிக்கொண்டது ஆந்தை.

"ஐயா, அவரை வேலைய விட்டுத் தூக்க வேணாம். பெட்டிய மாத்திக் குடுத்தாப் போதும்."

"குறுக்க பேசாதம்மா. உனக்கு நியாயம் கிடைக்கத்தானே இத்தனை பேர் உட்கார்ந்திருக்கோம்?" என்றது ஆமை.

விசாரணைக்கு அழைத்து வரப்பட்ட தண்டபாணி கண்கலங்கியது. "பதினோரு வருஷ சர்வீஸ் சார். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. அதுல குண்டே கிடையாது சார், சும்மா காட்டுவேன்!"

முள்ளம்பன்றியின் முட்களெல்லாம் குத்திட்டு நின்றன.

"குண்டு இல்லையா? அப்போ பதினோரு வருஷமா வாடிக்கையாளர்களை ஏமாத்திக்கிட்டா இருந்தே? கடையோட பேரு என்ன ஆகும்?"

தண்டபாணி அப்போதே வேலைநீக்கம் செய்யப்பட்டது. 'தங்களை வெற்றுத் துப்பாக்கியால் மிரட்ட நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்' என்று காடைக்கு முத்திரையிட்ட கடிதம் கிடைத்தது.

காடை கீழே ஓடியது. வெயில் மங்கிக்கொண்டிருந்தது. கவுண்டரில் புதிதாக ஒரு கரடி.

"சொல்லுங்கம்மா."

"இந்தப் பெட்டிய..."

"கார்டுல சீல் இல்லையேம்மா" என்றது கரடி. பிறகு துப்பாக்கியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு குண்டுகளையும் பணிவாகக் காட்டி, மறுபடி மூடியது. "இப்பதான் போட்டோம். ரெண்டும் புதுசு."

காடை பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் பறந்தது. மைனா போய்விட்டிருந்தது. முட்டைகளில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. அவற்றின் மேல் உட்கார்ந்து, தன் அலுவலகத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதத் தொடங்கியது.

நீதி: வாடிக்கையாளரை மிரட்டியதற்காக ஊழியரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, ஒழுங்காக மிரட்டத் தெரியாத ஊழியரை வைத்திருக்கவும் கூடாது.