அந்தக் கதவை மட்டும் தொடாதே

கதவு திறக்கவில்லை. நனைந்த பூனைக்குட்டி, கடைசிக் காட்சியில், தன் வீட்டு வாசலிலேயே நின்றது.

சின்னவள் மறுபடி மறுபடி விசையைத் தட்டிப் பார்த்தாள். தனியாளாக அவள் செய்த கேம். இணையத்தில் ஏற்றிய பிறகுதான் பிழையே கண்ணில் படுகிறது. மார்க் குறைந்த கோபத்தில் அப்பா முன்பே சொல்லியிருந்தார்: "'உடைஞ்ச கேம்'னு ஒருத்தர் சொல்லட்டும், அன்னைக்கே கம்ப்யூட்டரை மூட்டை கட்டிடுவேன்."

பெரிய கேம் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"எங்க கேம்ல குதிரையோட பிடரி மயிர் ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடும். அறுநூறு பேர் உழைப்பு. உன் பூனைக்கு வாலே ஒரு கோடுதான்."

"உங்க குதிரை வானத்துல நடந்துச்சே அண்ணா?"

"அது அப்டேட்ல சரியாயிடும். ஆமா, அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன வெச்சிருக்க?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்" என்று நழுவிவிட்டான்.

சின்னவள் விமர்சனங்களைத் திறந்தாள்.

'திறக்காத கதவு! பெரிய கம்பெனிக்காரன் டிரெய்லர்லயே திறந்து காட்டியிருப்பான். ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல.'

இது பிழைதான் என்று எவனோ ஒருவன் கண்டுபிடிப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று கதவைத் திறக்க வைத்தாள். அரை மணி நேரத்தில் வசவு குவிந்தது.

'நீயும் வித்துட்டியா? எந்தக் கம்பெனி வாங்குச்சு?'

பதறிப்போய்ப் பழையபடி மூடினாள். மூடிய அவசரத்தில் மழை கீழிருந்து மேலே போக ஆரம்பித்தது.

'கண்ணீரெல்லாம் வானத்துக்கே திரும்புது. என்ன கற்பனை!'

மழையைத் திருப்பினாள். பூனையே காணாமல் போனது.

'இப்பத்தான் புரிஞ்சுது. பூனைங்கிறதே நாமதான்.'

"அம்மா, இவங்களுக்கெல்லாம் பைத்தியமா?" என்று கத்தினாள்.

காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "உண்மையைச் சொல்லிட்டு வந்து இந்தப் போர்வையோட அந்த நுனியைப் பிடி."

சரி, தொலையட்டும் என்று சின்னவள் எழுதினாள்: 'கதவு, மழை, பூனை எல்லாமே என் தப்பு. இது உடைஞ்ச கேம். மன்னிச்சிடுங்க.'

பதில் உடனே வந்தது. 'இவ்வளவு அடக்கமா? பெரிய கம்பெனிக்காரன் என்னைக்காவது மன்னிப்பு கேட்டிருக்கானா?'

தலையில் அடித்துக்கொண்டு திரும்பினாள். பின்னால் அப்பா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"உடைஞ்ச கேம். நீயே எழுதியிருக்க."

"அப்பா, அது வந்து..."

"வேற யாரும் சொல்ல வேண்டியதே இல்ல." குனிந்து மேசைக்கு அடியில் வயரைப் பிடித்தார். சின்னவள் கம்ப்யூட்டர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழைய கதவு, பழைய மழை, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.

தடதடவென்று ஓடிவந்த அண்ணன், அப்பாவின் கையை எட்டிப் பிடித்தான்.

"ஐயோ, பிடுங்கிடாதீங்கப்பா! இதே மாதிரி ஒரு கதவு செய்யச் சொல்லி எங்க ஆபீஸ்ல உயிரை வாங்குறாங்க. அறுநூறு பேர் மண்டையை உடைச்சுக்கறோம், சனியன், ஒவ்வொரு தடவையும் திறந்துடுது!"