ஆமைக்கல் தீவில் மூன்று மணித்தியாலம்

கல்முனை மசூர் வெள்ளிக்கிழமை ஒரு மாபெரும் முடிவெடுத்தான். மனைவி ஸில்மியா இனி வாழ்நாளில் ‘பயணம்’ என்ற சொல்லையே எடுக்கக் கூடாது.

ஸில்மியா ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கும் டீச்சர். பழைய கல் எங்கே கிடந்தாலும் போய்த் தொட்டுப் பார்த்தாக வேண்டும். இம்முறை ஆமைக்கல் தீவு. தம்பிலுவில் கரையிலிருந்து படகில் கால் மணித்தியாலம். அங்கே சின்னக் குடா, ஒருகாலத்தில் கப்பலுக்கு வழிகாட்டி இப்போது இடிந்து நிற்கும் வெளிச்சவீடு, எழுத்து வெட்டிய தூண். மசூருக்கோ கட்டிலிலிருந்து குளியலறையே தூரப் பயணம்.

ஆகவே படகோட்டி வேலப்போடிக்கு இரகசியமாகப் போன் எடுத்தான். தங்களை இறக்கிவிட்டு அரை மணித்தியாலம் கண்ணில் படாமல் இருக்கச் சொன்னான். அவள் பயந்து அழுவாள், தான் தைரியம் சொல்லலாம், பயண ஆசையும் கடலோடு போய்விடும்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு இறங்கினார்கள். படகு பாறையைச் சுற்றி மறைந்தது. மசூர் தொண்டையைச் செருமி, படகைக் காணவில்லையே என்று கவலைப்பட்டுக் காட்டினான். ஸில்மியா திரும்பியும் பார்க்கவில்லை. தூணின் எழுத்துகளைத் தடவித் தடவிப் படம் எடுத்தாள்.

அரை மணித்தியாலம் போனது. ஒரு மணித்தியாலமும் போனது. படகு வரவில்லை.

காற்று எழும்பியது. அலை குடாவின் மணலைத் தின்றுகொண்டு ஏறியது. மசூரின் செருப்பு ஒன்று மிதந்து போனது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. வேலப்போடிக்குக் கடலில் ஏதும் ஆகியிருந்தால்? தாங்கள் இங்கே நிற்பது வேறு ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கு நீந்தவும் தெரியாது.

பதினொன்றரைக்குத் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கலிமாவை முணுமுணுத்தபடி வெளிச்சவீட்டு உடைந்த படிகளில் தவழ்ந்து ஏறினான். மேலே அவள் நிதானமாகச் சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

“இஞ்ச புள்ள, என்ன மாப்புச் செய். படக ஒளிக்கச் சொன்னது நான்தான்.”

அவள் அளவுநாடாவை அடுத்த கல்லுக்கு நகர்த்தினாள். அது கடலைவிட அவனைக் கலக்கியது. பாவத்தை மிச்சம் வைத்துக்கொண்டு கடலில் மூழ்கி மௌத்தாகக் கூடாது என்று பட்டது.

“போன வருஷம் கந்தோரால ட்ரெய்னிங் எண்டு போனனே, அது ட்ரெய்னிங் இல்ல. கூட்டாளி முனாப் ஆக்களோட நுவரெலியா சுத்திப்பாக்கப் போனனான். நாலு நாள்.”

ஸில்மியா அளவுநாடாவைக் கீழே வைத்தாள்.

அப்போதுதான் பாறைக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. வேலப்போடி சிரித்துக்கொண்டே வந்தார்.

“டீச்சர், நீங்க சொன்னபடி பன்னிரண்டுக்குச் சரியா வந்திட்டன்.”

மசூர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஸில்மியா பையைத் தோளில் மாட்டியபடி விளக்கினாள். கிணற்றடியில் நின்று அவன் போனில் கதைத்தது குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அவளுக்குக் கேட்டதாம். தூணை வாசிக்க அரை மணித்தியாலம் போதாதென்று, அவள்தான் வேலப்போடிக்குத் திரும்பப் போன் எடுத்து அதை மூன்று மணித்தியாலமாக்கினாளாம்.

“அப்ப உனக்கு எல்லாம் முதலே தெரியுமா?”

“படகுக் கதை முதலே தெரியும்,” என்றாள் அவள். “நுவரெலியாக் கதைதான் புதுசு.”