பூமிக்கு வைத்த இருபது காதுகள்

"யாருண்ணே இத நேராக்குனது?"

தேவிப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. காலாப்பட்டு மணல் திடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அவள் நட்டு வைத்திருந்த இருபது அதிர்வுமானிகளும் இப்போது பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல ஒரே வரிசையில் நின்றன.

"நான்தான் மேடம்," என்றார் காவலுக்கு வைத்திருந்த மீனவர் இருசப்பன், பாராட்டை எதிர்பார்த்து. "கோணல்மாணலா கெடந்துச்சு. டவுன்ல வெள்ளக்காரன் எவ்ளோ நேரா தெரு போட்டுட்டுப் போயிருக்கான்! நமக்கு மட்டும் மானம் வேணாமா?"

அந்தக் கோணல்மாணலில்தான் அவள் பிழைப்பே இருந்தது. இங்கே புயல் காப்பகம் கட்டப் போகிறார்கள். அடியில் மண் கெட்டியா, பொக்கையா என்று தெரிய வேண்டும். சம்மட்டியால் தரையில் அடித்தால் அதிர்வு உள்ளே போய் மோதித் திரும்பும். மானிகள் அதைப் பிடித்துக் கம்பியில்லாமலே அனுப்ப, லேப்டாப் படம் வரையும்.

முறையாகச் செய்ய நூறு மானி வேண்டும். ஆனால் டவுனை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் கம்பெனி நடத்தும் அவள் முதலாளி சக்கரபாணி, கம்ப்ரெஸிவ் சென்சிங் பற்றிய ஒரு கட்டுரையின் முதல் பக்கத்தைப் படித்துத் தொலைத்திருந்தார். இருபது மானியை ஒழுங்கில்லாமல் வைத்தாலே போதுமாம், மிச்சத்தைக் கணக்கு நிரப்பிக்கொள்ளுமாம். நிபந்தனைகள் எல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. அந்த மகான் அங்கே போகவில்லை.

"நாளைக்கு கவர்மெண்ட் அதிகாரி வர்றாரு. படம் சரியா வரலன்னா திங்கக்கெழம நீ ஆபீஸ் பக்கம் வராத," என்று மட்டும் அன்போடு சொல்லியிருந்தார்.

"அண்ணே, ஒழுங்கே இருக்கக் கூடாது. ஒழுங்கா வச்சா கணக்கு ஏமாந்து போயி, இல்லாததெல்லாம் இருக்குன்னு காட்டும்."

"அட, அவ்ளோதான? நவுருங்க, நான் வச்சித் தரேன்."

வைத்தார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம் ஒன்று. கோலப் போட்டியில் பரிசே வாங்கியிருக்கும்.

தலையில் அடித்துக்கொண்டு, லேப்டாப் சொன்ன இடங்களில் அவளே மறுபடி நட்டாள். திடலில் விளையாடிய பையன்களின் கிரிக்கெட் பந்து பட்டு இரண்டு சாய்ந்தன. எல்லாவற்றையும் மணலுக்குள் புதைத்தாள். புதைத்த இடம் தெரிய ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புக் கொடி. கொடியைப் பார்த்ததும் ஊரே திரண்டுவிட்டது.

"எங்க எடத்தப் புடுங்கப் போறீங்களா? எந்தக் கட்சி நீங்க?"

சமாதானம் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"அண்ணே, ஒரு டப்பா காணாம போனாலும் என் வேல போச்சு. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

"இதுக்குப் போயி கண்ணு கலங்கலாமா? ஒருத்தன் கை படாது. என் பொறுப்பு மேடம்!" இருசப்பன் மார்தட்டினார்.

மறுநாள் காலை கொடிகள் வைத்த இடத்திலேயே படபடத்தன. இருசப்பன் கடலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி சின்னப்பொண்ணு நடத்தும் இட்லிக் கடையிலிருந்து அதிகாரிக்குச் சுடச்சுட இட்லி வந்தது. போட்டோவுக்காக முதல் அடியைச் சக்கரபாணி அடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மற்ற அடிகளைத் தேவிப்பிரியா அடித்தாள்.

திரையில் அலைகள் வந்து விழுந்தன. இவ்வளவு பலமான அதிர்வை அவள் எங்கும் பார்த்ததில்லை. கணக்கு ஓடி முடிந்ததும் படம் வந்தது. வழவழவென்று மூன்று அடுக்குகள். அவளுக்கே நம்ப முடியவில்லை.

"பாத்தீங்களா சார்!" சக்கரபாணி திரையைத் தடவினார். "மணலு, அதுக்குக் கீழ களிமண்ணு, அதுக்கும் கீழ கெட்டிப் பாறை. எத்தன மாடி வேணாலும் கட்டலாம்!"

"பிரமாதம்!" அதிகாரி விரலில் ஒட்டிய சட்னியைத் துடைத்துக்கொண்டார். "காப்பகத்த இங்கயே கட்டிடுவோம். கடற்கரை மொத்தமும் இதே முறையில பாத்துடலாம்."

"திங்கக்கெழம சீக்கிரமா வந்துடும்மா. இனிமே நீதான் சீனியர்!" என்றார் சக்கரபாணி.

தேவிப்பிரியாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. காலித் தட்டுகளை எடுக்க வந்த சின்னப்பொண்ணு அவள் தோளைத் தொட்டாள்.

"பாப்பா, யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு அவரு உன் டப்பாங்கள எல்லாம் நேத்தே தோண்டியாந்து நம்ம கடை கிரைண்டர் மேடையில பத்திரமா வச்சிட்டாரு, நீ சம்மட்டி அடிக்கறதுக்குள்ள நானும் மூணு ஈடு மாவு அரைச்சி முடிச்சிட்டேன், இப்ப எடுத்தாந்து கொடிக்குக் கீழ பொதைச்சிடட்டா?"