ஏறுவதற்கு மட்டும்

பல் டாக்டர் தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டு சுற்றி ஏறும் இடைவெளியில், கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். மேலே போக முடிந்தது. கீழே வர முடியவில்லை. கைப்பிடிக் கம்பி இரண்டு முழம் தள்ளி இருந்தது.

தவறு கடையிலேயே தொடங்கிவிட்டது. கயிற்றைப் பிடிக்கும் கருவிகள் மூன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். ஒன்றுக்குத் துணை ஆள் வேண்டும். இன்னொன்றில் ஏறலாம், இறங்கலாம், ஆனால் கனம். மூன்றாவது கைக்கு அடக்கமானது. ஏற ஏறக் கயிற்றைக் கவ்விக்கொள்ளும், உடம்பின் பாரம் இருக்கும்வரை விடாது. டாக்டர் அதையே எடுத்தார். ஏறுவதுதான் அவருக்குக் கவலை. இறங்குவது தானாக நடந்துவிடும் என்பது அவர் அனுபவம்.

பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் மலையேறும்போது மனைவிதான் கீழே நின்று கயிறு பிடிப்பாள். பிடித்தபடியே பேசுவாள். இடது காலை வைக்கச் சொல்வாள், வைத்ததும் அந்த இடது கால் இல்லை என்பாள். ஒரு தடவையாவது தனியாக ஏறிப் பார்க்க அவருக்கு ஆசை. சொன்னால் அவள் முகம் வாடிவிடும். அதனால் அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து மேல் மாடிக் கம்பியில் கயிற்றைக் கட்டி ஏறினார். அவள் ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். இப்போது நாலே முக்கால்.

பாரத்தைக் குறைக்க, காலுக்கான வார் வளையத்தில் எழுந்து நிற்கப் பார்த்தார். வளையம் நழுவிக் கீழே போயிற்று. கடைக்காரரைக் கேட்கலாமென்று ஃபோனை எடுத்தார். அதுவும் வளையத்தைத் தேடிப் போயிற்று.

சத்தம் கேட்டு முதல் மாடி அம்மா கன்னத்தைப் பிடித்தபடி ஏறி வந்தார். கீழே போய் ஃபோனை எடுத்துவர முடியுமா என்று கேட்டார் டாக்டர்.

“போறேன் டாக்டர். அதுக்கு முன்னாடி இந்தக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் பாருங்களேன். சும்மாதானே இருக்கீங்க?”

வெளிச்சம் போதவில்லை என்றார் டாக்டர். அந்த அம்மா படிக்கட்டு விளக்கைப் போட்டார். கீழே மனைவி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

“தனியாவா ஏறுனீங்க?”

கயிறு மெல்லச் சுழன்று டாக்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பியது. அவர் நன்றியோடு திரும்பிக்கொண்டார்.

“நான் கயிறு பிடிச்சது உங்களுக்கு அவ்வளவு பாரமா இருந்துச்சா?” என்று கேட்டாள் மனைவி.

“இல்லம்மா, உனக்கும் கை வலிக்குமேன்னு…”

முதல் மாடி அம்மா அதுவரை திறந்து வைத்திருந்த வாயை மூடிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, போன வாரம் இதே இடத்துல நீ மாட்டிக்கிட்டப்போ, கயித்தைக் கால்ல சுத்தி எழுந்து நின்னுதானே இறங்குன? அதை அவருக்கும் சொல்லிக் குடேன்.”