வட்டமும் கோடுமாய் ஓர் அழைப்பு

"இது என்னா தங்கச்சி, சைக்கிள் சாமான் படமா?"

காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்து வேலியில் கட்டியிருந்த பேனரைக் கங்காணி லூக்காஸ் தலை சாய்த்துப் பார்த்தார்.

"எழுத்துண்ணே. நானே வரைஞ்சது" என்றாள் ஷிரோமி.

அவள் பிறந்தது இந்தத் தேயிலைத் தோட்டத்து மூன்றாம் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். வேலை பார்ப்பது பண்டாரவளையில், பேனர் அச்சிடும் கடையில். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. அவளுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்ட ஆபீசில் பதினொரு நாள் உறங்கியது. தேர்வோ ஒன்பதாம் நாளே முடிந்துபோயிருந்தது. அன்று பிறந்த சபதம் இது: வீட்டுக்கு வீடு முகவரி கேட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முந்நூறு கையெழுத்து.

அந்தக் கூட்டத்துக்கான அழைப்பைக் கொம்பும் சுழியுமான பழைய எழுத்திலா அச்சிடுவது? வட்டம், நேர்கோடு, இவ்விரண்டை மட்டுமே கொண்டு, விண்கலத்தின் நெற்றியில் பொறிக்கத் தக்கதோர் எழுத்தைச் சமைத்தாள். கடை முதலாளி மொஹிதீன் அதைக் கைபேசி விளம்பரத்துக்கு மட்டுமே அனுமதித்திருந்தார். எதிர்காலம் என்ன கைபேசிக்கு மட்டுமா சொந்தம்?

வாசிக்கத்தான் ஒருவராலும் முடியவில்லை.

மறுநாள் எழுத்தைப் பெரிதாக்கினாள். முதல் வரி ஆளுயரம் வளர்ந்தது. மிஞ்சிய இடத்தில் அடுத்தடுத்த வரிகள் படிப்படியாகச் சிறுத்தன.

கொழுந்துக் கூடையோடு வந்த சூசையம்மா கண்ணை இடுக்கினாள். "மேல உள்ள வட்டம் தெரியுது புள்ள. கீழ போகப் போக மங்குது."

"பத்தடி தள்ளி நின்னு பாருங்கக்கா."

சூசையம்மா தள்ளி நின்றாள். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள், பிறகு மற்றதை. அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

மூன்றாம் நாள், விளக்கத் துண்டுப்பிரசுரம் லயம் லயமாகப் போயிற்று. அதுவும் அதே எழுத்தில். கொள்கையில் விட்டுக்கொடுப்பு ஏது?

"பழைய எழுத்துல ஒத்த வரி போட்டா கொறஞ்சா போயிரும்?" என்று கெஞ்சினார் லூக்காஸ்.

"பழசுக்குப் பழகினது போதும்ணே. காலைப் பெரட்டுல நீங்களே சொல்லிருங்க. பேனரை வாசிக்க முடியாத அத்தனை பேரும் ஞாயித்துக்கிழமை கோயிலடிக்கு வரணும், பேரு எழுதப் போறோம்னு."

லூக்காஸ் ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் அப்படியே சொன்னார்.

ஞாயிறன்று தோட்டத்தின் மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் திரண்டு வந்தன. மேசைமேல் ஏறி ஒரு மணி நேரம் முழங்கினாள் ஷிரோமி. ஒருவரும் எழுந்து போகவில்லை. பின்பு ஒவ்வொருவராக வந்து பெயரெழுதிக் கையெழுத்திட்டார்கள். முந்நூற்று நாற்பத்திரண்டு. எழுத்து வென்றது என்று அவள் கண் கலங்கிற்று.

கடைசியாகக் கையெழுத்திட்ட சூசையம்மா பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"நீ பேசினது ஞாயந்தான் புள்ள. ஆனா லயத்துக்குத்தான் அட்ரஸே இல்லைங்கிற. அப்ப எங்க மூக்குக் கண்ணாடியெல்லாம் எங்க அனுப்புவீங்க?"