கீபோர்டுக்கு முத்திரை குத்திய பாய்

மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் முத்திரை பாய் மாதிரி ஓர் அழுத்தக்காரரைப் பார்க்க முடியாது. "சாப்டீங்களா பாய்?" என்றால்கூட, "யார் கேக்கச் சொன்னது?" என்பார்.

2005-ல் எங்கள் உப்பு ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், முதலாளி அதை இருபது வருஷ கிளார்க்கான அவரிடம்தான் ஒப்படைத்தார். உப்பளத்தில் குவியல் மேல் மரக்கட்டையால் முத்திரை குத்துவோம். யாராவது அள்ளினால் முத்திரை கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். பாய் என்ன செய்தார் தெரியுமா? சாப்பிடப் போகும்போதெல்லாம் கீபோர்டு மேல் பொடியுப்பைத் தூவி, அதே கட்டையால் ஒரு குத்து! ஒரே வருஷத்தில் மூணு கீபோர்டு துருப்பிடித்துப் போய்ச்சேர்ந்தது.

ஒரு தடவை காய்ச்சலில் விழுந்து எழுந்தவர், ஆபீஸ் எடுபிடியான என்னை உப்பளத்து நடுவரப்புக்கு இழுத்துப் போனார். சுற்றிலும் நாலு கொக்குதான். அதையும் விரட்டிவிட்டு, ஆபீஸ் மெயிலின் பாஸ்வேர்டைக் காதில் சொன்னார். "நான் மவுத்தாயிட்டா ஆபீஸ் நிக்கக் கூடாது. வெளிய விட்டே, தொலைச்சிடுவேன்!"

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போயிருந்தார். போன் வந்தது. "சார், மெயில் கம்பெனிலேந்து பேசறோம். பாஸ்வேர்டு சொல்லலைன்னா மெயில் நின்னுடும் சார்." அதுவரை என்னை ஒருத்தன் சார் என்றதில்லை. உருகிப்போய் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிவிட்டேன், மடையன்!

பத்தே நாளில் எங்கள் பெங்களூர் பார்ட்டிகள் அத்தனை பேரும் பக்கத்து வியாபாரியிடம் போய்விட்டார்கள். போன் பண்ணியது அவர் ஆள்தான்; எங்கள் மெயில் மொத்தமும் அவர் கையில்.

"பாஸ்வேர்டை எவன்டா சொன்னது? அவன் இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்!" முதலாளி குதித்தார். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். இந்த வேலையை நம்பித்தான் பெண் கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் மொதலாளி. வாய் தவறிடுச்சு" என்றார் பாய்.

முதலாளி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாயை வேலையைவிட்டு அனுப்ப மனசு வரவில்லை. கம்ப்யூட்டரை மட்டும் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். டீக்கடையில் ஒரே நக்கல்: "பாய் காதுல போடாதீங்கப்பா, ஊருக்கே தெரிஞ்சிடும்!" அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

கல்யாணத்துக்கு வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்பவே எல்லார்கிட்டயும் உண்மைய சொல்லிடறேன் பாய்."

"வாயை மூடுப்பா. இந்த ஒண்ணையாவது வெளிய விடாம இரு" என்று மொய்க்கவரைத் திணித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

இத்தனை வருஷம் மூடித்தான் வைத்திருந்தேன் பாய். இன்னைக்கும் டீக்கடையில அதே நக்கல். முடியலை, சொல்லிட்டேன்.